விற்றதும் கேட்டதும்



இலங்கையில் 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அரிதாகின. எங்கள் சனம் சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தது.

அன்றைய விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கும் ஒருவர், யாழ்ப்பாணத்தாருக்குப் பெற்றோலே தேவையில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் பெற்றோல் திரும்பக் கிடைத்ததும் வண்டிகள் மண்ணெண்ணெயைக் கைவிட்டன. விற்ற பொருள் வேறு, சனம் விரும்பிய பொருள் வேறு.

இன்று கடை நடத்துபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் கடையில் வாரத்துக்கு ஒரு வகைப் பால்மா 20 பைக்கற்றும், இன்னொரு வகை 10 பைக்கற்றும் போகும். இந்த வாரம் முதல் வகை 8 மட்டுமே வந்தது. அது கிடைக்காத 12 பேரில் 7 பேர் மற்றதை வாங்கினார்கள். 5 பேர் வேறு கடைக்குப் போனார்கள், அரிசி பருப்பையும் அங்கேயே வாங்கினார்கள். உங்கள் கொப்பியில் முதல் வகை 8, இரண்டாவது 17. அதை நம்பி ஓடர் கொடுத்தால், தட்டுப்பாட்டை நீங்களே அடுத்த வாரத்துக்கும் நீட்டுகிறீர்கள். திரும்பிப் போன ஐந்து பேர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மாற்றுப் பொருளும் தனியாக நிற்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயு இல்லாமற்போக, சனம் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டபோது விறகைத் தேடியது. ஒன்று தீர்ந்தால் அடுத்ததும் விரைவில் தீரும். ஆகவே ஒரு பொருள் வராது என்று முகவர் சொன்ன அன்றே, அதற்குப் பதிலாகச் சனம் எதைக் கேட்கும் என்று யோசித்து அதைக் கூட்டி எடுக்க வேண்டும்.

கைமுதல் குறைவான சிறு கடைக்காரர் எல்லாவற்றையும் நிறைத்து வைக்க முடியாது. ஒன்றில்லாவிட்டால் சனம் மற்றதை எடுக்கும் பிஸ்கற், சவர்க்காரம் போன்றவற்றில் வகைகளைக் குறைக்கலாம். கைக்குழந்தைக்கான பால்மாவில் அப்படிச் செய்யக் கூடாது. குழந்தைக்கு ஒத்துக்கொண்ட வகையைத் தாய் இலேசில் மாற்றமாட்டாள். மாற்று இல்லாத பொருளுக்கே கையிருப்பில் முதலிடம்.

கடைக்கார உறவுகளே, கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி வையுங்கள். "இருக்கோ?" என்று கேட்டு இல்லாமற்போன ஒவ்வொரு பொருளையும், கேட்டவர் பதிலுக்கு என்ன வாங்கினார் என்பதையும் அன்றன்றே எழுதுங்கள். அடுத்த ஓடரை இரண்டு கொப்பியையும் பார்த்துக் கொடுங்கள்.