இரவு வேலை முடித்தவர்களுக்கு ஒரு காலை உணவு

(வானொலி மறையுரை: பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 21:1-19)



சித்திரை பிறந்துவிட்டது. மதுரையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாசி வீதிகளில் தண்ணீர்ப் பந்தல் போட்டாயிற்று. நீர்மோரும் பானகமும் டம்ளர் டம்ளராகப் போகின்றன. தமுக்கத்தில் பொருட்காட்சி, பிள்ளைகளுக்கு ராட்டினம், பெரியவர்களுக்கு டெல்லி அப்பளம். விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்ப மனம் வராது. பாலைச் சுண்டக் காய்ச்சி, கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் சேர்த்து, மேலே ஐஸ்கிரீமை வைத்து அவர் நீட்டும்போது, வெயிலையே கொஞ்சம் மன்னித்துவிடலாம் போல இருக்கிறது. சாயங்காலம் பருத்திப்பால், இரவு சிம்மக்கல் பக்கம் கறிதோசை, நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லி. தூங்கா நகரம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

இன்னும் சில நாள்களில் மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், பிறகு அழகர் ஆற்றில் இறங்குவது. நம் பங்கு மக்களில் பலருக்கு இது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. பந்தல்காரர், பூக்காரர், பாத்திரம் வாடகைக்கு விடுபவர் என்று நம்மவர்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது. நமக்கோ இது பாஸ்கா காலம். மே மாதம் மாதாவின் மாதம். கெபிகளில் செபமாலை, ஊர்களில் கொடியேற்றம், சப்பரம், அசனம். ஆக, ஊரே விருந்து வீடாக இருக்கிறது.

அன்பியக் கூட்டம் ஒன்றில் ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "சாமி, தவக்காலம் பூராவும் ஒருசந்தி இருந்தோம், சிலுவைப்பாதைக்கு வந்தோம். இப்போ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்கும் பொருட்காட்சிக்கும் போறோம். சேர்த்த புண்ணியமெல்லாம் போயிடுமா?" கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நம்மில் பலருக்கும் உள்ளுக்குள் இந்தக் கேள்வி இருக்கிறது. தவக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாஸ்கா காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறோம். திரு அவை நோன்புக்கு வைத்த நாள்கள் நாற்பது. உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தக்கோஸ்து வரை மகிழ்ச்சிக்கு வைத்த நாள்கள் ஐம்பது. கணக்கு எந்தப் பக்கம் கூடுதல் என்று பாருங்கள்.

இணைச்சட்ட நூல் பதினான்காம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை இறைவனின் திருமுன் கொண்டுபோக வேண்டும். தூக்கிக்கொண்டு போக முடியாத தூரமா? விற்றுக் காசாக்கி முடிந்துகொண்டு அந்த நகரத்துக்குப் போகலாம். போனபின் அந்தக் காசில் மனம் விரும்பும் இறைச்சியோ இரசமோ வாங்கி, குடும்பத்தோடு ஆண்டவர் திருமுன் உண்டு மகிழ வேண்டும். இது சலுகை இல்லை, கட்டளை. குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுவது பாவம் என்றால், மோசேயின் சட்டம் அதை எழுதியிருக்காது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ போகலாம்கிறீங்க" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் எழுந்த வேகத்தில் நாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே நூலில் இரண்டு அதிகாரம் தள்ளி, விருந்தில் யார் யார் மகிழ வேண்டும் என்ற பட்டியல் வருகிறது. நீ, உன் மகன், மகள். அடுத்து உன் வேலைக்காரன், வேலைக்காரி. பிறகு லேவியர், அந்நியர், அனாதைகள், கைம்பெண்கள். வேலைக்காரர் விருந்து பரிமாறுவதற்காக அந்தப் பட்டியலில் இல்லை. மகிழ்வதற்காக இருக்கிறார்.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும் அன்றைய நற்செய்தியில் சாப்பாடு வந்துவிடும். ஓர் ஆண்டு எம்மாவுவில் அப்பம் பிட்கிறார். அடுத்த ஆண்டு சீடர்கள் கொடுத்த வேகவைத்த மீனை அவர்கள் கண்முன்னே உண்கிறார். இந்த ஆண்டு திபேரியாக் கடலோரத்தில் தாமே கரி நெருப்பு மூட்டி மீன் சுடுகிறார். சாவை வென்று வந்தவர் செய்த வேலைகளைப் பாருங்கள்!

யாருக்காகச் சுட்டார்? படகில் இருந்த ஏழு பேருக்கும் அது இரவு வேலை. விடிய விடிய வலை வீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பில் ஈரம், வயிற்றில் பசி, மனத்தில் குற்றவுணர்வு. அவர் சொன்னபடி வலப்பக்கம் வலையைப் போட்டதும் நூற்றைம்பத்து மூன்று பெரிய மீன்கள். ஆனால் அவர்கள் கரையேறும்போதே அங்கே அப்பமும் இருக்கிறது, மீனும் நெருப்பில் இருக்கிறது. அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். பிறகு வந்து சாப்பிடுங்கள் என்று அழைத்து, தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். பேதுருவின் மறுதலிப்பைப் பற்றிய பேச்சு, அவர்கள் உண்டு முடித்த பிறகுதான் வருகிறது. பசியோடு இருப்பவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அதை இன்று சொல்லத்தான் வேண்டும்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த அடுத்த வாரம், பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல விரும்பினோம். பங்குப் பணியாளர்கள் நாங்கள் இருவரும் அவர்களைக் கூட்டிக்கொண்டு இரவு பத்தரை மணிக்கு ஒரு பரோட்டாக் கடைக்குப் போனோம். மொத்தம் பதினாறு பேர். நல்ல கூட்டம். கல்லில் மாஸ்டர் பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம், கொத்துப் பரோட்டா தாளம், சால்னா வாசனை. பிள்ளைகள் மேசையைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சப்ளையர் தம்பிக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். ஒரே நேரத்தில் ஆறு தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வருவார். நாங்கள் "தம்பி, இன்னொரு ஆம்லெட்", "தம்பி, சால்னா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். பதினொன்றேமுக்கால் ஆகிவிட்டது. வெளியே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். அப்போதும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இலையை எடுக்க வந்தபோது, எங்கள் குழுவில் ஆல்டோ பாடுகிற பெண்தான் கேட்டாள்: "அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா?"

"கடை கழுவி விட்டுட்டுத்தாம்மா" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "ஸ்தோத்திரம் சாமி" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பங்கு எல்லைக்குள்தான் அந்தக் கடை. மாடியில் ஒரே அறையில் ஒன்பது பேர் தங்கியிருக்கிறார்கள். இவரோடு இன்னும் மூன்று பேர் கத்தோலிக்கர். சொந்த ஊரில் பீடச்சிறுவனாக இருந்தவர். இங்கே வந்து பதினான்கு மாதங்கள். கோயிலுக்கு வந்ததில்லையா என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டாம்.

"ஞாயித்துக்கிழமைதானே சாமி கூட்டம். பூசை முடிஞ்சு எல்லாரும் இங்கதானே வருவாங்க" என்றார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஞாயிறு கடனை அலட்சியம் செய்யும் இளைஞர்களைப் பற்றிப் பீடத்திலிருந்து காரசாரமாகப் பேசியிருந்தோம். திருப்பலி முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாகப் பிரியாணிக்குப் போகிறோம். நாம் ஞாயிறை மகிழ்ச்சியாகக் கொண்டாட, அவர் ஞாயிறை இழக்கிறார். அவரைத்தான் திட்டியிருக்கிறோம்.

கொரிந்து நகரத்துச் சபையில் இதே சிக்கல் இருந்தது. வசதியானவர்கள் முன்னதாகக் கூடி, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருப்பார்கள். வேலை முடித்துத் தாமதமாக வருபவர்கள் இவர்கள்தாம் என்று விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பவுல் அவர்களை விருந்து வைக்காதீர்கள் என்று தடுக்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். நம் ஊரில் அழகர் கதை எல்லாருக்கும் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஊரார் சொல்வார்கள். பிந்தி வந்தவரின் மனவருத்தத்தை மறக்காமல், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் ஆற்றங்கரையில் கூடுகிற ஊர் இது. இந்த ஊரில் ஒவ்வொரு விருந்துக்கும் பிந்தி வருகிறவர்கள் பரிமாறுகிறவர்கள்தாம்.

இந்த நகரத்தின் மறைப்பணி வரலாற்றிலும் சாப்பாட்டு மேசை ஒரு பிரச்சினைதான். 1606-இல் இங்கே வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, ஒருபொழுது சோறும் காய்கறியும் மட்டும் உண்டு சந்நியாசியாக வாழ்ந்தார். அவருக்கு முன்பே இங்கிருந்த சக இயேசு சபையாளரோடு ஒரே வீட்டில் வாழவோ, ஒரே பந்தியில் உட்காரவோ அந்தக் காலச் சாதி வழக்கம் இடம் தரவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். நாம் அந்த வழக்கில் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு பந்தியில் உட்காருவது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை மட்டும் நினைத்துக்கொள்வோம். அசனத்துக்கு எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறோமே, அது சும்மா வந்ததில்லை.

உட்காருவது என்றதும் இன்னொன்று. 2021-இல் நம் மாநிலச் சட்டமன்றம், கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. சித்திரைக்குத் துணி எடுக்கப் போகிறோம். நூறு சேலையைப் பிரித்துப் போடச் சொல்கிறோம். பிரித்துப் போடும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறோமா? உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

2020-லும் 2021-லும் பெருந்தொற்றால் அழகர் திருவிழா பொதுமக்கள் இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தது. ஓட்டல்களில் பார்சல் மட்டும் என்று இருந்தது. அப்போது நாம் ஏங்கியதை மறக்கக் கூடாது. 2022-இல் மீண்டும் கூடியபோது நெரிசலில் இருவர் இறந்துபோனார்கள். ஆகவே போங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஜிகர்தண்டா குடியுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் சப்ளையரை விரலைச் சொடுக்கிக் கூப்பிட வேண்டாம்; பெயரைக் கேட்டுக்கொள்ளலாம். ஷட்டர் பாதி இறங்கினால் எழுந்துவிடலாம். டிப்ஸ் வைப்பதானால், மேசை துடைக்கிறவர் கையில் கொடுக்கலாம். பெரும்பாலும் அவரை யாரும் பார்ப்பதில்லை. இந்த வெயிலில் பிள்ளைகளை எங்குமே கூட்டிப்போக முடியாத வீடு உங்கள் அன்பியத்தில் இருக்கும். நெகேமியா காலத்தில் மக்களுக்குச் சொன்னது இதுதான்: உண்டு மகிழுங்கள், ஒன்றும் தயாரிக்காதவருக்கு ஒரு பங்கு அனுப்புங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் என்ன செய்வது என்று அந்தத் தம்பியிடமே கேட்டோம். சனி மாலைத் திருப்பலிக்கு வரலாமே என்றோம். சனிக்கிழமை இரவு ஞாயிற்றுக்கிழமையைவிட மோசம் என்றார். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு முடியும், ஐந்து மணிக்குக் கல் சூடாக்குவார்கள். இடையில் ஒன்றரை மணி நேரம், அப்போது தூங்குவோம் என்றார். முதலாளியையும் போய்ப் பார்த்தோம். அவர் இந்து. "நாலு மணிக்கு வெச்சா அனுப்புறேன் சாமி, அஞ்சுக்குள்ள விட்டுருங்க" என்றார்.

சென்ற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதல் திருப்பலி. உச்சி வெயில் இறங்கியிருக்கவில்லை. பதினொரு பேர் வந்தார்கள்: நான்கு ஓட்டல்களிலிருந்து ஒன்பது பேர், ஒரு மருத்துவமனைக் காவலாளி, ஒரு துணிக்கடைப் பெண். பாடகர் குழுப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து பாடினார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்தோம். வெளியே மரத்தடியில் பிள்ளைகள் நீர்மோரும் சுண்டலும் வைத்திருந்தார்கள். எல்லாரையும் உட்கார வைத்து அவர்களே பரிமாறினார்கள். மறையுரையின்போது நம் தம்பி மூன்றாவது பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பப் போனார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பேசி முடித்தோம்.