அழற்சியை அளந்தவர்கள்
(நோயெதிர்ப்பியல் கருத்தரங்கத் தலைமை உரை)



நோயெதிர்ப்பியல் கருத்தரங்கு இராயபுரத்தில் கூடுவது மிகப் பொருத்தம். நெருக்கமான வீடுகள், தேங்கி நிற்கும் பக்கிங்காம் கால்வாய், சாம்பலும் புகையும் கலந்த காற்று எல்லாம் சூழ்ந்த பகுதி இது. ஒரே உடம்பில் வந்து சேரும் நோய்களை நாம் தனித்தனித் துறைகளில் பிரித்துப் பார்க்கிறோம். அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் வலியுறுத்த வந்தது. அதற்கு வழிகாட்டும் ஆய்வுகள் நம் ஊரிலேயே நடந்திருக்கின்றன.

சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் ஒரு சிறு சிகிச்சை ஆய்வு மையமாகத் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள் என்று 1959இல் அது காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறியது. அந்த நிறுவனத்தோடு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டுச் சேர்ந்து அமைத்த ஆய்வு மையத்தில், அறிவியல் இயக்குநர் சுபாஷ் பாபுவும் அவர் குழுவினரும் செய்த பணியை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.

யானைக்கால் நோயில் ஒரு புதிர் உண்டு. ரத்தத்தில் நுண்புழுக்கள் மலிந்தவருக்குக் கால் வீங்காமலே இருக்கலாம். கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் புழு அகப்படுவதில்லை. இக்குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. வீக்கம் கண்டவர்களின் டி செல்கள் புழுவின் புரதங்களை எதிர்கொண்டதும் அழற்சியைத் தூண்டும் பிரிவுகள் ஓங்கின. அடக்கி வைக்க வேண்டிய பிரிவு போதிய அளவு எழவில்லை. தான் பிழைப்பதற்காகப் புழு நம் எதிர்ப்பைத் தணித்து வைக்கிறது. அந்தத் தணிப்பு குலையும்போது நம் எதிர்ப்பே நிணநீர் நாளங்களைச் சிதைக்கிறது.

இதன் மறுபக்கம் 2010இல் தெரிந்தது. ஆய்வாளர்கள் வி. அரவிந்தன், வி. மோகன் முதலானோர் சென்னை மக்களிடம் நடத்திய ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத்தொற்று மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்பட்டது. புழுத்தொற்றும் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் அழற்சி தணிந்திருந்தது.

காசநோயும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2013இல் சுபாஷ் பாபுவின் குழு வெளியிட்ட முடிவு நம் எண்ணத்தையே திருத்தியது. எதிர்ப்பு குன்றுவதால்தான் நோய் முற்றுகிறது என்று எண்ணியிருந்தோம். ஆனால் இரண்டும் உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் கூடுதலாக இருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏற ஏற அவையும் ஏறின. எதிர்ப்பு மிகுந்தும் காப்பு மிகவில்லை.

அப்படியானால் அழற்சியைத் தணித்துப் பார்க்கலாமே? காசநோய் மருந்துகளோடு சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினும் கொடுத்து தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தது. 2022இல் வெளியான முடிவின்படி, சளியிலிருந்து கிருமி விரைவாக மறையவில்லை. ஆனால் மிகை அழற்சி குறைந்தது. எதிர்பார்த்தது கிடைக்காததையும் மறைக்காமல் எழுதினார்களே, அந்த நேர்மையை இளைஞர்கள் கற்க வேண்டும்.

இனி நம் வடசென்னைப் பகுதிக்கு வருகிறேன். காற்றின் நுண்துகள்களை விழுங்கும் நுரையீரல் செல்களும் இதே அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். சர்க்கரையோடு காசநோயும் உள்ள ஒரு துறைமுகத் தொழிலாளி இப்பகுதியின் மாசடைந்த காற்றையும் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் அவர் நுரையீரல் என்னவாகும்? இந்தக் கேள்வியை இங்கிருக்கும் நாம்தான் கையிலெடுக்க வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். காசநோய் மருத்துவமனைப் பதிவுகளில் நோயாளியின் தொழிலையும் குடியிருப்பையும் தவறாமல் எழுதுங்கள். ஒரே முறை ரத்தம் எடுத்து முடித்துவிடாமல், திருவொற்றியூர், எண்ணூர், மணலி மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனியுங்கள். கண்டறிந்ததை அவர்களிடமே தமிழில் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்தவருக்கு விடை சொல்லாத ஆய்வை முடிந்த ஆய்வாக நான் ஏற்கமாட்டேன்.

இந்த அமர்வுகளிலேயே அதற்கான திட்டம் உருவாக வேண்டும் என்று வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.