குடும்பத்தோட கேம்பிங்: எவ்வளவு தூரம் போகலாம்?

சனி, ஞாயிறு ரெண்டே நாள் லீவு. அப்பா, அம்மா, நாலு வயசுக் குழந்தை எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஒரு ராத்திரி டென்ட்ல தங்கணும். சென்னையிலேர்ந்து எவ்வளவு தூரம் போகலாம்? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம்.

முதல் வேலையா எல்லாரும் மேப்பைத் திறப்போம். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர், நாலரை மணி நேரம்னு காட்டும். ஆனா அது யாரோட நேரம்? தனியா ஓட்டுற, வழியில டீ கூடக் குடிக்காத ஒருத்தரோட நேரம். குடும்பம்னா நான் அதை ஒன்றரையால பெருக்கிக்குவேன்.

ஏன்னு கேட்டா, குழந்தைக்காக ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தணும். அப்பாவுக்கு சுகர் இருந்தா சாப்பாட்டு நேரத்தைத் தள்ள முடியாது. அம்மா விஷயம்தான் நம்ம கண்ணுக்கே படாது. வழியில சுத்தமான டாய்லெட் இருக்குமோ இருக்காதோன்னு பயந்து, நிறைய அம்மாக்கள் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம வண்டியில உக்காந்திருப்பாங்க. கேட்டா "எனக்குத் தாகம் இல்லப்பா"ன்னுவாங்க. நிறுத்தப்போற இடத்தை முன்னாடியே பார்த்து வெச்சு, கிளம்பும்போதே அவங்ககிட்ட சொல்லிடுங்க.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர், ஜனவரியில ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். கல்லு, முள்ளு பார்த்து இடத்தைச் சுத்தம் பண்ணி, டென்ட் போட்டு, சமையலை ஆரம்பிக்கணும்னா நாலு மணிக்குள்ள போய்ச் சேரணும். அங்கேர்ந்து பின்னாடி எண்ணுங்க. ஆறு மணிக்குக் கிளம்பலாம்னு பேசிக்குவோம், கிளம்புறப்போ எட்டு ஆயிருக்கும். (எல்லா வீட்லயும் இதுதான்.) ஆக, கையில எட்டு மணி நேரம். ஏலகிரிக்கு ஒன்றரைக் கணக்குல கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். மூணு மணிக்கு மேல இருப்போம், சரியா வரும். ஏற்காடு 360 கிலோமீட்டருக்குப் பக்கம். அதே கணக்குல போனா, 20 கொண்டை ஊசி வளைவையும் இருட்டுற நேரத்துல ஏறிட்டு இருப்போம். ரெண்டு ராத்திரி தங்கறதா இருந்தா மட்டும் ஏற்காடு.

கிலோமீட்டர் கணக்குல வராதது வளைவு. ஏலகிரிக்கு 14, கொல்லிமலைக்கு 70. வண்டியில வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தா கொல்லிமலையை இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்க, தப்பில்ல. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் 500 கிலோமீட்டருக்கு மேல. 2024 மே மாசத்திலேர்ந்து இ-பாஸும் எடுக்கணும். ரெண்டு நாள் லீவுல அதைத் தொடவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் நகர்ற டிராஃபிக்ல, தூங்காத கண்ணோட வண்டி ஓட்டப்போறது நீங்கதான்.

இன்னொரு வழியும் இருக்கு. ஏலகிரிக்குக் கீழ பக்கத்துலயே ஜோலார்பேட்டை ஜங்ஷன். பெங்களூரு, கோவை போற பல ரயில்கள் அங்க நிக்கும். அப்பா, அம்மாவை ரயில்ல ஏத்தி விட்டுட்டு, ஸ்டேஷன்ல கார்ல கூட்டிக்கலாம். ரயில்ல டாய்லெட் இருக்கு, காலை நீட்டிக்கலாம். உங்களுக்கும் வழியில நிறுத்தம் குறையும்.

குழந்தைக்கு இதுதான் முதல் டென்ட்னா, அதுக்கு முந்தின வாரம் மொட்டை மாடியில ஒரு ராத்திரி போட்டுப் பாருங்க. ரெண்டு மணிக்கு எழுந்து "வீட்டுக்குப் போலாம்"னு அழுதா, படி இறங்கினா போதும்.

டென்ட் வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதாங்கிறதை அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.