இரண்டாவது கண்



ஜயண்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் பற்றி ஒரு கருத்தரங்கு என்று அறிவித்ததும், நம் நாட்டில் அரிதான நோய்க்கு ஒரு நாள் முழுவதும் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும். வட ஐரோப்பியரிடம் மிகுதியாகவும் நம்மிடம் குறைவாகவும் காணப்படும் நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் "இது இங்கே வராது" என்ற நினைப்பினாலேயே நாம் இதைத் தவறவிடுகிறோம். தவறவிட்டால் இரு கண்களும் போய்விடக்கூடும்.

50 வயதைக் கடந்தவர்களுக்கே வரும் நோய் இது. 70-க்கு மேல் மிகுதி, பெண்களிடம் கூடுதல். தமனிச் சுவர் அழற்சியால் தடித்து, உட்குழல் அடைபடுகிறது. கண்ணின் பின்புறம் நுழையும் சிலியரித் தமனிகள் அடைபட்டால் பார்வை நரம்பின் தலைப்பகுதி இரத்தமின்றிச் செத்துப்போகிறது. அந்தப் பகுதிக்கு இரத்தம் தருபவை இத்தமனிகளே என்பதை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹைரே. மாணவர்கள் அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

அப்படி அடிபட்ட கண்ணை ஒருமுறை ஆஃப்தல்மாஸ்கோப்பில் பார்த்தவருக்கு அது மறக்காது. நரம்புத் தட்டு வீங்கி, சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். சாயம் ஏற்றிப் படமெடுத்தால் கோராய்டில் இரத்தம் நிரம்பாத பகுதிகள் கருமையாகத் தெரியும். ஆனால் அந்த நிலையில் அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. நாம் ஓடுவது மற்றக் கண்ணுக்காக. மருந்து கொடுக்காவிட்டால் அதுவும் சில நாள்களில், சில வாரங்களில் போய்விடலாம்.

அதற்கு முன்பே நோய் குரல் கொடுத்திருக்கும். சில நிமிடம் பார்வை மறைந்து திரும்பும். உருவம் இரண்டாகத் தெரியும். தலைக்கு எண்ணெய் வைக்கக் கை பட்டாலே வலிக்கும். சாப்பிடும்போது நாலு வாய் மென்றதும் தாடை வலியெடுக்கும். மெல்வதை நிறுத்தினால் அடங்கும். இந்தத் தாடை வலியைப் பல் வலி என்று நினைத்துக்கொள்வார்கள். நாம் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. 1998-இல் ஹைரே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கண் பாதிக்கப்பட்ட 85 பேரில் 18 பேருக்கு உடலில் வேறு எந்த அறிகுறியும் இல்லை. தலைவலி இல்லை என்பதை வைத்து நோயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். நம் ஊரில் இ.எஸ்.ஆர். உயர இரத்தசோகை போதும், ஏதேனும் தொற்று போதும். அதை மட்டும் நம்பாமல் சி.ஆர்.பி., பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தரும் சொல், "பயாப்சி முடிவு வரட்டும்" என்பது. வரட்டும்; ஸ்டீராய்டு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பார்வை மங்கியிருந்தால் அன்றே மெத்தில்பிரெட்னிசலோன் 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை நரம்பு வழியாக, மூன்று நாள். மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் நெற்றிப்பொட்டுத் தமனியை எடுத்துப் பார்த்தாலும் அழற்சி பெரும்பாலும் தெரியும். அழற்சி விட்டுவிட்டு இருக்கும் என்பதால் துண்டு நீளமாக இருக்கட்டும். நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதே, காசநோய் இருக்குமோ என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. சர்க்கரையை இன்சுலினால் அடக்கலாம், மார்பு எக்ஸ்ரேயை அன்றே எடுக்கலாம். போன பார்வையை நம்மால் மீட்க முடியாது.

1932-இல் மேயோ கிளினிக்கின் ஹார்ட்டன் இந்நோயை விவரித்தபோது கொடுப்பதற்கு மருந்தே இருக்கவில்லை. கார்ட்டிசோன் வந்தது 1950 வாக்கில்தான். இன்று டோசிலிசுமாப் வரை வந்துவிட்டோம். அதைப் பற்றிப் பிற்பகல் அமர்வில் விரிவாகப் பேசுவார்கள்.

பொது மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். 50 வயதைத் தாண்டியவர் புதிதாகத் தலைவலி என்று வந்தால், மெல்லும்போது தாடை வலிக்கிறதா, பார்வை இடையில் மறைந்ததா என்று கேளுங்கள். ஐயம் வலுத்து, பார்வையும் மங்கியிருந்தால், முதல் வேளை ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டு, கண் மருத்துவர்களான எங்களிடம் அனுப்புங்கள். நள்ளிரவானாலும் அனுப்புங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.