ஜிப்சம் கரையத் தண்ணீர் வேண்டும்



"களர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் போட்டேனுங்க. தூவிட்டு ஒரு நனைப்பு நனைச்சேன். மண்ணு இன்னும் இறுகித்தான் கிடக்குது, காசுதான் போச்சு" என்று ஒரு விவசாயி வருத்தப்பட்டார். பழுது ஜிப்சத்தில் இல்லை. அது கரையவே இல்லை!

எந்தப் பொருளும் தண்ணீரில் ஓர் அளவுக்குத்தான் கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு சுமார் 360 கிராம் கரையும். யூரியா ஒரு கிலோ கரையும். ஜிப்சமோ இரண்டரை கிராம்கூடக் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் மீதி அடியில் தங்கிவிடும்.

இதை வயலுக்குக் கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதில் கரைவது கால் டன் ஜிப்சம். ஆக, ஒரு டன் கரைய நாலு அங்குலத் தண்ணீர் வேண்டும். ஒரு நனைப்பு எப்படிப் போதும்?

ஜிப்சம் கரைந்தால்தான் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெளியே வரும். அது மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விலகிய சோடியம் எளிதில் கரையும். தண்ணீரோடு அதை வெளியேற்ற வேண்டும்.

ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதித்து எவ்வளவு ஜிப்சம் தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, வடிகால் எடுங்கள். கட்டியில்லாத தூளாகப் பார்த்து வாங்கிச் சீராகத் தூவுங்கள். மேல் மண்ணில் நாலு அங்குலத்துக்குள் கலக்கும்படி உழுதால் போதும். ஆழ உழ வேண்டாம். உப்பில்லாத நல்ல தண்ணீரைக் கட்டி, மண்ணுக்குள் இறங்க விடுங்கள். கட்டியவுடனே மடையைத் திறந்துவிட்டால் கரைந்த ஜிப்சமும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் இறங்க இறங்க மறுபடியும் கட்டுங்கள். பிறகு வடியுங்கள்.

அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, நெல் நடலாம்.

கிணற்றில் தண்ணீர் குறைவா? ஜிப்சத்தை அவசரப்பட்டுத் தூவாதீர்கள். மழையோ வாய்க்கால் தண்ணீரோ வரும் சமயம் பார்த்துப் போடுங்கள். கரைந்த ஜிப்சம்தான் மண்ணைத் திருத்தும்.