நம் கையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும்



டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளோட மூக்கிலும் கையிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, மருத்துவக் கல்லூரிகளில் சோதனை செய்து பார்ப்பதுண்டு. நல்லா இருக்கிற பிள்ளைகள்தான். ஆனாலும் சிலரிடம் ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ங்கிற கிருமி இருக்கும். அவங்ககிட்ட மட்டும் இல்லீங்க. பொதுவா 100 பேரில் சுமார் 30 பேர் மூக்கில் இது சும்மா குடியிருக்கும். மூக்கைத் தொட்ட கை புண்ணையோ, ஆபரேஷன் தையலையோ, பச்சக் குழந்தையையோ தொட்டால்தான் வினை.

கையால் நோய் பரவறது பழைய கதை. ஐரோப்பாவில் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் 1846-ல் 100 தாய்மாருக்கு 11 பேர் காய்ச்சலில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் 3 பேர்கூட இல்லை. பிணத்தை அறுத்துப் படித்த கையோடு மாணவர்கள் வந்ததுதான் காரணம். அது வேற கிருமி. வந்த வழி கைதான். 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் சுண்ணாம்புத் தண்ணியில் கை கழுவ வைத்தார். 1848-ல் சாவு 100-க்கு 2-க்கும் கீழே இறங்கியது.

இதை நம்ம கூட்டத்தில் ஏன் சொல்றேன்? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளில் சமைப்பது நம்ம குழுப் பெண்கள்தான். கையிலிருந்து இந்தக் கிருமி சோத்தில் விழுந்து, சோறு வெதுவெதுன்னு கிடந்தா விஷம் சுரக்கும். திரும்பச் சூடு பண்ணினா கிருமி சாகும், விஷம் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் குழந்தைகளுக்கு வாந்தி.

அதனால மூக்குச் சிந்தினால், தும்மினால், சோப்புப் போட்டு 20 விநாடி, நக இடுக்கு வரைக்கும் கழுவணும். கழுவின கையை முந்தானையில் துடைக்காதீங்க. ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூக்க வர்றவங்களிடம், யாராக இருந்தாலும், “கை கழுவிட்டீங்களா?”ன்னு மரியாதையாக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. கையில் சீழ் கட்டி இருக்கிறவங்க சமைக்கக் கூடாது. ஆனால் கூலி போயிடுமேன்னு துணியைச் சுத்திக்கிட்டு வந்து நிற்பாங்க. அவங்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அன்னைக்கு வேற ஒருத்தரை அனுப்பி, கட்டி உள்ளவங்களுக்கும் கூலி கிடைக்க ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடணும்னு கேட்டுக்கிறேன்.