இருக்கை நான்கு, ஆள் மூன்று
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நம்ம செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய செஸ்னா 172 விமானம் ஒன்று வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். "சீட்டு நாலு, நாமளும் நாலு பேர், கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றான் ஒருவன். அந்தக் கணக்கைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

172 எஸ் என்ற ரகத்தை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் விமானம் 770 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 387. பெட்ரோல், ஓட்டுகிறவர், பயணிகள், பெட்டி எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். டாங்க்கை நிரப்பினால் பயன்படுவது சுமார் 200 லிட்டர். லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ போய்விடும். மிச்சம் 243. ஆளுக்கு 75 கிலோ என்றால் மூன்று பேருக்கே 225 ஆச்சு. நாலாவது ஆளுக்கு சீட்டு இருக்கிறது, எடையில் இடமில்லை. பாதி டாங்க் போட்டால் நாலு பேரும் ஏறலாம். ஆனால் தூரமாகப் போக முடியாது.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்திருப்பார்கள், புதுக் கருவிகள் மாட்டியிருப்பார்கள். அந்த விமானத்தையே கடைசியாக நிறுத்துப் பார்த்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம்ம அரும்பாவூர்ப் பக்கம் வெங்காய மூட்டை ஏற்றி வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். விமானத்திலும் அதேதான். மூக்கு தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்காது. வண்டியென்றால் இறங்கி மூட்டையை மாற்றலாம். வானத்தில் எங்கே இறங்குவது? 2001 ஆகஸ்டு 25-இல் பஹாமாஸ் தீவில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் சிறு விமான விபத்தில் இறந்தார்கள். அளவுக்கு மீறிய எடையும் பின்பாரமும் அதில் இருந்ததாக விசாரணை சொன்னது.

வெளிநாட்டில் நான் ஓட்டப் பழகிய சமயம், அக்காவும் மாமாவும் பையனோடு வந்திருந்தார்கள். டாங்க் நிறைய பெட்ரோல். கணக்குப் போட்டேன், நாற்பது கிலோ கூடுதல். "மாமா, நீங்க அடுத்த நடைக்கு வாங்க" என்றேன். "வீட்டு மாப்பிள்ளையையே இறக்கிவிடுறியா?" என்று கோபித்துக்கொண்டு இறங்கினார். ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை.

பரவாயில்லை. கோபித்துக்கொள்ளவும் ஆள் இருக்கவேண்டுமே! மாணவத் தம்பிகளே, தங்கைகளே, கணக்கு ஒன்று சொல்லும், முகதாட்சண்யம் வேறொன்று சொல்லும். கணக்கின் பக்கம் நில்லுங்கள்.